வீரம்மாவின் எலுமிச்சை மாலை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எலுமிச்சை மரம் வைத்திருந்தவள் வீரம்மா ஒருத்திதான். ஆடித் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்தும் மாலை தன் மரத்துக் காயாகவே இருக்கும், பாசாரில் விலைக்கு வாங்கிய பழம் ஒன்றுகூடக் கலக்காது என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ரப்பர் தோட்டங்களில் வேலையற்றுப் போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அந்த மரம்தான்.

தை முடிந்ததும் மரம் சீக்கில் விழுந்தது. காயத்தின்மேல் பொருக்குத் தட்டியது போலக் கிளைகளில் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் பெயர்த்தால் உள்ளே ஈரம். உயிருள்ள பூச்சி. இலைகளில் பிசுக்கு வழிந்து, அதன்மேல் கரி பூசினாற்போல் கருமை படர்ந்தது.

"கண்ணு பட்டுருச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மரத்தடியில் தினமும் அரிசி மாவில் கோலம் போடுவது அவள் வழக்கம். எறும்பு தின்றால் புண்ணியம். மரம் பிழைக்கட்டும் என்று கோலத்தை இன்னும் பெரிதாகப் போட்டாள். பூச்சிதான் பெருகியது.

"என்னடி, அம்மனுக்குக் கரிக்கட்டை மாலையா?" வேலிக்கு அந்தப் பக்கம் சீதாலெட்சுமி சிரித்தாள். "பேசாம பாசார்ல வாங்கிடு லா. எவளுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

அன்று செதிலைச் சுரண்டப் போனவள் எறும்புகளைக் கவனித்தாள். ஒரு வரிசை மாவை இழுத்துப் போனது. இன்னொரு வரிசை மரத்தில் ஏறி, செதில்களைத் தடவித் தடவி அவை கசிந்த இனிப்பைக் குடித்தது. பூச்சியைத் தின்ன ஒரு பொறிவண்டு வந்து இறங்கியது. எறும்புகள் மொய்த்துக் கடித்து அதை விரட்டின.

பூச்சிக்குக் காவல். காவலுக்குச் சோறு போட்டவள் அவள்.

ரயில் பட்டறையிலிருந்து வந்த புருஷன் கார்த்திகேசுவிடம், "நாளைக்குக் கொஞ்சம் கிரீஸ் கொண்டாங்க" என்றாள்.

"மரத்துக்குச் சக்கரம் மாட்டப் போறியா?"

"எறும்பு ஏறக் கூடாது."

"எறும்புக்குப் போட்டா புண்ணியம்னியே?"

"வாசல்ல போடுறேன். அங்க வந்து தின்னட்டும்."

நேரே தடவினால் பட்டை வெந்துவிடும் என்று, அடிமரத்தில் பழந்துணி சுற்றி அதன்மேல் கிரீஸைத் தடவினாள். வேலியைத் தொட்ட கிளையை வெட்டினாள். தேங்காய் நாரும் சவர்க்காரத் தண்ணீரும் வைத்துக் கிளை கிளையாகத் தேய்த்தாள். விரல்கள் வெடித்தன. எறும்பு ஏறாத மரத்தில் பொறிவண்டுகள் வந்து தங்கின. கொஞ்சம் கொஞ்சமாகக் கருமை படர்வது நின்றது.

ஆனாலும் பாதிக் கிளைகள் பட்டுப்போயின. ஆடியில் தேறியவை சின்னக் காய்கள். கோத்த மாலை அம்மன் மார்புவரைகூட வராது.

"மாலையா இது? அட்டிகை மாதிரி கழுத்தோட நின்னுருச்சு" என்றாள் சீதாலெட்சுமி. கேலி பண்ணினாலும் கையில் ஒரு பை பழம் கொண்டுவந்திருந்தாள். "இந்தா, இதையும் சேத்துக் கோத்துக்க. மானம் போவுது."

"எல்லாம் என் மரத்துக் காய். மானம் எங்க போவுது?" வீரம்மா பூசாரியிடம் மாலையை நீட்டினாள். "இப்படியே சாத்துங்க சாமி."

சாத்தினார். பின்னால் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். வீரம்மா திரும்பவில்லை. வெடித்த கைகளைக் கூப்பி, தலை நிமிர்ந்தே கும்பிட்டாள்.