கொஞ்சம் வழி விடு

மூன்றாவது முறையும் ஜாவியனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தபோது வென்டல் ஹாக்கின்ஸுக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பையனால் இன்று தன்னைத் தாண்டி ஒரு கூடைகூடப் போட முடியாது என்று. ஏழடி உயரம், முழங்காலைத் தொடும் கைகள், மான் போல ஓட்டம், எல்லாம் ஜாவியனிடம் இருந்தது. ஆனால் இடப்பக்கம் பாயப்போகிறான் என்றால் அதற்கு முன்னால் ஒருமுறை உதட்டை நக்கிக்கொள்வான். வென்டல் அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டொலிடோ கூடைப்பந்து அணியின் பயிற்சிக் கூடத்தில் அவர்கள் இருவரையும் ஒரே நாளில் வரச்சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் டிராஃப்ட், அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு. பதினொன்றாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை டொலிடோவுக்கு. ஜாவியன் ரோட்ஸுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் ஒரே வருடம், அதிலும் பாதி ஆட்டம் பெஞ்சில். வென்டலுக்கு இருபத்து மூன்று. இண்டியானாவில் கல்லூரிக்காக நான்கு வருடம் ஆடி, அணித் தலைவனாகி, எதிரணியின் சிறந்த ஆட்டக்காரன் யாரோ அவனை இரவு முழுக்க அழவைப்பதையே வேலையாக வைத்திருந்தவன். ஜாவியனைப் பற்றிப் பேசும் எவரும் 'ஆவான்' என்றுதான் முடிப்பார்கள். அப்படி ஆவான், இப்படி ஆவான். வென்டலைப் பற்றிப் பேசினால் 'இருக்கான்' என்பார்கள். நல்லாத்தான் இருக்கான், நம்பலாம். அதற்கு மேல் அந்த வாக்கியம் நகராது. செய்து காட்டியவனுக்கு வந்த தண்டனை அது என்று அவனுக்குத் தோன்றும். செய்யாதவனைப் பற்றித்தான் எவ்வளவு வேண்டுமானாலும் கனவு காணலாமே.

இடைவேளையில் தலைமைப் பயிற்சியாளர் கஸ் மலோனி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உன்னைத்தான் எடுக்கணும்னு மேல சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு இந்த வருஷமே ஜெயிக்கணும்டா. இல்லேன்னா கிறிஸ்துமஸுக்கு என் சீட்டு கிழிஞ்சிடும். அந்தப் பையன் ஆளாகறதுக்குள்ள நான் எங்க இருப்பேனோ!"

வென்டலுக்கு மார்பு விரிந்தது. வெளியே வண்டியில் அப்பா ஓட்டிஸ் காத்திருந்தார். கிடங்கில் ஷிப்டை மாற்றிக்கொண்டு டேட்டனிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர், உள்ளே வந்தால் நெஞ்சு படபடக்கும் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அணியின் முதலாளி வந்தார். கோல்ஃப் ஆடிவிட்டு நேராக வந்த கோலம். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அணியை நிர்வகிக்கும் ப்ரெஸ்காட் லேன் ஆடுகளத்துக்கு இறங்கி வந்து வென்டலின் தோளில் கைபோட்டான்.

"பிரமாதம் வென்டல். ஒரு சின்ன உதவி. ரெண்டு மூணு தடவை கொஞ்சம் வழி விடு. அவன் எகிறினா எவ்வளவு உயரம் போறான்னு முதலாளி பாக்கணும்."

"அப்ப நான் எதுக்கு சார் வந்தேன்?"

"அவனைச் சோதிக்கத்தான். உன்னை மாதிரித் தடுக்கறவன் இந்த வருஷம் எவனும் இல்ல. அதான் உன்னையே கூப்பிட்டோம்." ப்ரெஸ்காட் அதைப் பாராட்டாகவே சொன்னான். "உன்னை மறந்துட மாட்டோம்."

வென்டல் மலோனியைப் பார்த்தான். சற்றுமுன் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்ன மனிதர் கழுத்தில் தொங்கிய விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வண்டியில் உட்கார்ந்திருந்த அப்பாவை நினைத்து வென்டல் ஒருமுறை விலகினான். அரை அடிதான். ஜாவியன் பாய்ந்தான், எழும்பினான், எழும்பிக்கொண்டே போனான். கூடை வளையம் அதிர்ந்து அடங்க வெகுநேரம் ஆனது. முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். அதிலும் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது அழகாக இருந்தது. கைதட்ட வந்த தன் கையையே வென்டல் வெறுத்தான்.

ஜாவியன் மட்டும் சிரிக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு அருகில் வந்தான்.

"ஏண்ணே விட்ட?"

"விடல. நீ தாண்டிட்ட."

"எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வயசுலேருந்து எல்லாரும் எனக்கு விட்டுவிட்டுத்தான் இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. சீசன் ஆரம்பிச்சா எவன் விடுவான்? ஊரே பாக்கப் பல்லு உடைபடப் போறது எனக்குத்தானே. விடாதண்ணே."

இவனையாவது வெறுக்கலாம் என்று இருந்தான் வென்டல். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு அவன் ஆடியது ஆட்டமில்லை. மார்பால் மறித்தான், இடுப்பால் தள்ளினான். ஜாவியன் எறிந்ததெல்லாம் எங்கெங்கோ போய் விழுந்தது. இருவர் வியர்வையும் தரையில் கலந்து வழுக்கியது. "போதும், போதும்!" என்று ப்ரெஸ்காட் கத்தினான்.

முதலாளி கேட்டது களம்வரை கேட்டது. "யாரப்பா அந்தத் தடிப்பயல்? நல்லா ஆடறானே. வயசென்ன?"

"இருபத்து மூணு சார்."

"ஓ," என்றார் முதலாளி. செல்போனை எடுத்துக்கொண்டார்.

டிராஃப்ட் அன்று பதினொன்றாவதாக டொலிடோ ஜாவியனை அழைத்தது. "இரண்டு வருடம் பொறுங்கள், இவன் என்ன ஆவான் என்று பாருங்கள்" என்றார்கள் தொலைக்காட்சியில். டேட்டனில் ஓட்டிஸ் தேவாலயத்திலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டு, உறவுக்கெல்லாம் மீன் பொரித்து வைத்திருந்தார். மறுநாள் இரண்டாவதும் கடைசியுமான சுற்றும் முடிந்தது. வென்டலின் பெயர் எந்த வாயிலும் வரவில்லை. அத்தைகள் அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அப்போதுதான் ப்ரெஸ்காட் கூப்பிட்டான்.

"பயிற்சி முகாமுக்கு வந்துடு வென்டல். உறுதியெல்லாம் கொடுக்க முடியாது. ஆனா தினமும் உன்னை மாதிரி ஒருத்தன் எதிர்ல நின்னாத்தான் ஜாவியன் வளருவான்."

"நான் வளர எதிர்ல யார் சார் நிப்பாங்க?"

"புரியல?"

"உங்களுக்குப் புரியாது சார்," என்று போனை நாற்காலியில் வீசினான்.

முற்றத்தில் அப்பா நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் படார் படாரென்று.

"என்னவாம்டா?"

"அவனுக்குச் சுவரா நிக்கணுமாம். வேணும்னா வெச்சுக்குவாங்களாம், வேண்டாம்னா தள்ளிடுவாங்களாம்."

"போய்த் தொலைஞ்சுடாத," என்றார் ஓட்டிஸ். இன்னும் இரண்டு நாற்காலிகளை மடக்கினார். பிறகு மகனைப் பார்க்காமலே, "போகாம இருந்துடவும் செய்யாத," என்றார். சொன்னதற்காகத் தன்மீதே கோபம் வந்தவர்போல அடுத்த நாற்காலியை உதைத்தார்.

வென்டல் கோட்டு சூட்டைக்கூடக் கழற்றாமல் கூடச் சேர்ந்து மடக்கினான். இரும்பு இரும்போடு மோதும் சத்தம் மட்டும் தெருக்கோடிவரை போனது. கடைசியாக ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. அதன்மேல் கிடந்த போன் துடிக்க ஆரம்பித்தது. திரையில் ஜாவியனின் பெயர்.

நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி நின்றான் வென்டல். போன் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.