மேல் வீட்டு டைரி ஆராய்ச்சி

1.

"டைரி எழுத சாப்ட்வேர் தேடியே ரெண்டு வருஷம் ஓட்டிட்டே. எங்கப்பாகிட்ட பேச எந்த வெர்ஷன் வரணும், கோகுல்?"

"கத்தாதே சுரேகா. கீழ் வீட்டுக்குக் கேக்கும்."

கேட்டது. இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தில் பால்கனிகள் ஒன்றுக்கு மேல் ஒன்று. துணி எடுக்கப் போன எனக்கு, காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கவே வெகுநேரம் பிடித்தது.

(முதலில் 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்' என்று ஆரம்பித்தேன். மழையில் எவள் துணி காயப்போடுவாள்? அடித்துவிட்டேன்.)

2.

கோகுல்நாத் மேல் வீட்டு வாடகைக்காரன். ஐ.டி. வேலை; லினக்ஸ் தவிர வேறெதையும் கணினியில் அண்டவிடமாட்டான். சுரேகா அவனோடு வேலை செய்கிறவள், ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் இவன் அவள் அப்பாவிடம் பேசியாக வேண்டும்.

பேச வேண்டியதை ஐயா முதலில் டைரியில் எழுதிப் பார்ப்பாராம். ஒரு மென்பொருளில் பூட்டு இல்லை. இன்னொன்றில் தேடினால் கிடைப்பதில்லை. வேறொன்றில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

"வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதித் தொலையேன்" என்றாள்.

"எழுதலாம். எந்த எடிட்டர்ல?"

கதவு சாத்திய சத்தத்தில் என் வீட்டுக் கிளிப் எல்லாம் ஆடியது.

3.

இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று எழுதும்போது எனக்கே சந்தேகம். சீரகம் வாங்கப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பியவனை நானே பார்த்திருக்கிறேன். நம்புங்கள்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போய்விட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவன்... இல்லை, அப்படியெல்லாம் போகவில்லை. (தகவல்: சுரேகாவின் பக்கத்து வீட்டு லோகநாயகி. எனக்கு ஒன்றுவிட்ட நாத்தனார்.)

"எம் பொண்ணப் புடிச்சிகீதா நைனா?" என்று கேட்டார் அப்பா.

"இதுவரைக்கும் பாத்ததுல சுரேகாதான் பெஸ்ட், சார். குறைன்னு பாத்தா ரெண்டே ரெண்டுதான்."

அவனைப் பொறுத்தவரை அது உச்சபட்சப் பாராட்டு.

"அந்த ரெண்டு இன்னான்னு சொல்லிட்டுப் போ."

சொல்லவும் சொன்னான்.

4.

முடிவு அ: சுரேகா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்து, தட்டை மாற்றி...

எனக்கு இதுதான் ஆசை. லோகநாயகி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்ன முடிவு ஆ: சமையலறை வாசலில் நின்ற சுரேகா, "அப்பா, நாளைக்கு வர்றவங்களுக்கு பஜ்ஜி மாவு வாங்கணும்" என்றாளாம்.

மறுநாள் பெண் பார்க்க வந்த பாடிக்காரன் நிர்மல் "பிடிச்சிருக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னான். தையில் கல்யாணம். இப்போது மாங்காட்டில் குடித்தனம்.

கோகுல்நாத் போன மாதம் காலி செய்தான். படியில் மடக்கினேன்.

"டைரி முடிவாச்சா தம்பி?"

"ஆச்சுக்கா. நல்லதா ஒண்ணு கெடச்சுடுச்சு. எழுதறதுக்குத்தான்..."

அவனே முடிக்காத வாக்கியத்தை நான் எப்படி முடிப்பது? பூந்தமல்லிக்குப் போகிறானாம். அந்தப் பக்கம் எனக்கு ஆள் கிடையாது. உங்களுக்கு யாராவது இருந்தால், விசாரித்து மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.