பத்தாயிரத்துக்கு ஒன்பது குறைவு

புது நூலகத்தின் கூடத்துத் தரையில் 9,991 மரவில்லைகள் கிடந்தன. தீப்பெட்டி அகலத்துக்குச் சதுரம் சதுரமாக அக்காவின் பட்டறையில் அறுத்து, ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு படம் வரைந்து தந்தவை. அத்தனையையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கிச் சுவரில் ஏற்ற வேண்டும். வரிசைக்கு நூறு என்று அக்காவும் தம்பியும் அடுக்கிப் பார்த்தார்கள். நூறாவது வரிசையில் ஒன்பது இடம் காலியாக நின்று இளித்தது.

"நீளம் அகலம் உங்க இஷ்டம். ஆனா ஓட்டை இருக்கக் கூடாது. வெறும் வில்லை வச்சு அடைச்சா அது ஏமாத்து வேலை," என்றார் நூலகர். "முடியலன்னா கடைசி வரிசையை எடுத்துடுங்க." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கடைசி வரிசையா! அதில்தான் அக்காவின் மகள் வரைந்த பச்சை யானை இருந்தது. "அம்மா, என் யானையை ஒட்டியாச்சா?" என்று காலையிலிருந்து போன் மேல் போன். அக்கா மழுப்பிக்கொண்டே இருந்தாள்.

தம்பி தன் போனில் வகுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். மூன்று, ஏழு, பதினொன்று... நாற்பத்தேழு வந்ததும் கையை உதறினான். "இது எதுக்கும் மசியாது அக்கா. பகா எண்! ஒரே வரிசையா அடுக்கினாத்தான் உண்டு. தெருக்கோடி வரைக்கும் போகும்."

"நீ எந்தப் பரீட்சையைத்தான் முழுசா எழுதின?" என்று எரிந்து விழுந்தாள் அக்கா. கடைசி வரிசையைப் பெட்டியில் போட அவளுக்கு மனசு வரவில்லை. வீம்புக்கு அதை அள்ளி, மிச்ச வரிசைகளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக வைத்துப் பார்த்தாள். எட்டு குறைந்தது.

ஒன்பது எப்படி எட்டானது? இன்னொரு வரிசையை உருவி, அதையும் ஓரத்தில் சேர்த்தாள். இப்போது ஐந்துதான் குறைந்தது. அக்காவுக்குக் காது சூடேறியது.

"டேய், குறையுதுடா! ஓடி வாடா!"

தம்பி போனைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். மூன்றாவது வரிசையையும் உருவினார்கள். யானையை மட்டும் பயத்தில் அக்கா எடுத்துக் கையில் பொத்திக்கொண்டாள். மண்டி போட்டபடி இருவரும் மளமளவென்று வைத்தார்கள். கடைசியில் ஒரே ஒரு இடம் மிஞ்சியது.

"தொண்ணூத்தேழு பெருக்கல் நூத்திமூணு!" தம்பி எகிறிக் குதித்தான். "வரிசையில மூணு குறைச்சு, பக்கத்துல மூணு கூட்டினா சரியா உட்காருது! இன்னும் கொஞ்சம் வகுத்திருந்தா தொண்ணூத்தேழு சிக்கியிருக்குமே, நான் ஒரு மக்கு!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன் அடித்தது. "அம்மா, ஒட்டியாச்சா?"

"இல்லடி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழாம ஓடி வா. மத்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறும் உன் யானைக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு."