ஹாலில் இருந்த ஜல்லிக்கு ஏற்ற வேகன்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜல்லி மலை தங்கியிருந்தது. ஆடியில் வந்தது. வந்தவர்களை நிற்க வைத்துப் பேசக்கூடாது என்று என் மனைவி வகுளா உட்காரச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டது.

அப்போது வகுளா சமையலறைப் பக்கம் இருந்தாள். நான் வாசல் பக்கம். மலை நடுவில். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. குரல் வரும். சாம்பார் கல்லிடுக்கு வழியாக வரும், உப்பு சரியாக இருக்கும். ஆனால் அவள் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது. நெற்றியிலிருந்து மூக்குவரை போய்விட்டது. பயமாக இருந்தது.

மலையை ரயிலில் அனுப்ப வேகன் கேட்டுக் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். நடக்க நடக்க பிளாட்பாரம் நீண்டது. சூப்பர்வைசர் பிலோமினா எதிரே நடந்து வந்ததால்தான் சந்திக்க முடிந்தது. நனைந்தால் கெடுமா என்று கேட்டார். கெடாது என்றேன். அப்படியானால் மூடியில்லாத வேகன் போதும் என்றார். வெயிலில் கறுக்குமா என்றார். ஏற்கெனவே கறுப்பு என்றேன். நல்லது என்றார்.

தண்டவாளம் எங்கள் வாசல்வரை உண்டு. பக்கத்து வீட்டார் அதில் வற்றல் காய வைப்பார்கள்.

முதலில் உயரச் சுவர் வைத்த வேகன் வந்தது. லட்சணமாக இருந்தது. விளிம்புவரை ஏற்றினோம். அச்சு வளைந்து, தெருவே ஒரு முழம் இறங்கியது. அது நிலக்கரிக்கு உரியது, நிலக்கரி லேசு, ஜல்லி கனம் என்றார் பிலோமினா. நான் உள்ளே திரும்புவதற்குள் மலை ஹாலில் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது அடிவயிறு திறக்கும் வேகன். இறக்கும் இடத்தில் தண்டவாளத்துக்குக் கீழே குழி வேண்டும். போகிற ஊரில் குழி இல்லை. எங்கள் தெருமுனையில் இருந்தது. வேகன் அங்கேயே திறந்துகொண்டது. மலை நடந்தே வீட்டுக்கு வந்தது.

கடைசியாகக் குட்டைச் சுவர் வேகன். கனத்துக்கென்றே செய்தது. ஒரு கல்கூடத் துருத்தவில்லை. ரயில் கிளம்பிப் போயே போய்விட்டது. கையசைத்துவிட்டுத் திரும்பினேன். மலை ஹாலில் இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. பிலோமினா வேகனைத் திரும்ப வரவழைத்துச் சுற்றி வந்து பார்த்தார்.

"வேகன்ல தப்பில்ல. கெளம்பறப்ப என்ன சொன்னீங்க?"

நான் கையசைத்ததோடு சரி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வகுளாவின் குரல் வந்தது.

"நாந்தான் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். விருந்தாளிகிட்ட வேற என்னங்க சொல்றது?"

மரியாதை தெரிந்த மலை. சொன்னபடி போய், சொன்னபடி வந்திருக்கிறது.

வெறுமனே போகச் சொல்ல வேண்டும் என்றார் பிலோமினா. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. அபசகுனம். பாத்திரம் விற்க வருபவரிடம்கூடச் சொன்னதில்லை. வகுளா தன்னால் ஆகாது என்றாள். மறுபடி ஏற்றினோம். நான் வேகன் பக்கத்தில் போய் நின்றேன்.

"போங்க," என்றேன். "வர வேணாம்."

மலை கோபித்துக்கொள்ளவில்லை. பெருமூச்சு விட்டது. கொஞ்சம் தூசி பறந்தது. ஆடியிலிருந்து அதுவும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்திருக்கிறது. ரயில் போனது.

உள்ளே வந்தேன். ஹால் மிகப் பெரியது. வகுளா அதன் மறுகோடியிலிருந்து நடந்து வந்தாள். முகம் முழுவதும் இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

"எளச்சிட்டீங்க," என்றாள்.

அன்று முழுவதும் நாங்கள் வேறு எதுவும் பேசவில்லை. பேச வேண்டியதைக் கல் வழியாகவே பேசி முடித்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.