தண்ணீர் வலி

பேகம்பூரில் தெருக்குழாயில் தண்ணீர் வரப்போவதை முதலில் அறிந்தது பக்ருன்னிசாவின் இடது சிறுநீரகம். பிறவியிலேயே அது இடம் மாறி அடிவயிற்றில் கிடந்தது. தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே சுருட்டிப் பிடிக்கும். அவள் முனகுவாள், தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அவள் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இது தப்பியதே இல்லை. "தண்ணி வருமாக்கா?" என்று எதிர்வீட்டுச் செல்லக்கிளி தினமும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். தண்ணீரால் வலி வருகிறதா, வலியால் தண்ணீர் வருகிறதா என்று பக்ருன்னிசாவுக்கே குழப்பம். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

போன கோடையில் வந்த வலி போகவே இல்லை. குடங்கள் தெருமுனை வரை வரிசை கட்டின. தோல் மண்டி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவள் கணவர் ஹாமித் டிரம்மைக் கழுவி வைத்தார். குழாயில் காற்றுகூட வரவில்லை. மறுநாள் குளிர்சுரத்தில் அவள் உதறியபோது, "இந்தத் தடவ அம்புட்டுத் தண்ணி வரும்போல" என்று செல்லக்கிளி சின்னாளப்பட்டித் தங்கச்சியையும் குடத்தோடு வரச்சொன்னாள். கல்லூரி விட்டு வந்த மகள் ரஃபியாதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தா, இது தண்ணி வலி இல்ல. அம்மாவுக்கு ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது. டிரம்ம விட்டுட்டு ஆட்டோவக் கூப்பிடுங்க!"

சிறுநீரகம் இடம் மாறியிருந்ததால் அதன் குழாய் மடங்கி, கல் அடைத்து, சீழ் பிடித்துவிட்டது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளே தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். "வலி மட்டும் கொஞ்சூண்டு இருக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஹாமித் வெட்கிப்போனார். டியூப் வைத்து அடைப்பை எடுத்த அதே நேரத்தில் தெருக்குழாய் பீறிட்டு, பொழுது சாயும்வரை கொட்டியது. அதில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

வீடு திரும்பிய பிறகு அவளுக்கு வலியே இல்லை. செல்லக்கிளி ஜன்னலில் நின்று தயங்கி, "வலிக்குதாக்கா?" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பக்ருன்னிசா இல்லையென்று தலையாட்டினாள்.

இப்போதெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்தான் முனகுகிறது, பக்ருன்னிசாவின் குரலில். பெண்கள் குடத்தோடு வந்து சேர்கிறார்கள். செல்லக்கிளி குழாயின் வளைவைத் தடவிக்கொடுத்து, "செத்த பொறுத்துக்கம்மா" என்கிறாள். ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போது பக்ருன்னிசாவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். பிறகு அவளும் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்பாள்.