அப்பத்தட்டைத் தள்ளிவிட்டவர்

எங்கள் வீட்டு ஏசியைக் கழுவ வந்த ஜெபகுமார், என் வீட்டுக்காரர் லாசரஸையும் சேர்த்துக் கழுவிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வருடத்துக்கு முந்தைய கதை இது. தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபையில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் எங்களுடையது. லாசரஸ் ஐம்பத்தைந்தாவது வயதில் மறுபடியும் ஒரு தொட்டியில் முங்கி எழுந்து மார்மன் ஆனார். அப்படிச் சொல்லாதே, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரையும் சொல் என்பார். நான் தாம்பரத்தில் முப்பது வருடமாகக் கணக்கு டீச்சர். சுருக்கிச் சொல்வதுதான் என் பழக்கம்.

அதைவிட என்னைக் கடுப்பேற்றியது டீ. அந்தச் சபையில் டீயும் கூடாது, காப்பியும் கூடாது. நாளுக்கு நாலு டம்ளர் குடித்த மனிதர் ஒரே நாளில் நிறுத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து வெந்நீர் குடிக்க ஆரம்பித்தார். இருபத்தெட்டு வருடம் சேர்ந்து குடித்த டீயை நான் தனியாகக் குடிக்க வேண்டியதாயிற்று. எனக்கு அழுகைதான் வந்தது. அதைச் சொல்லாமல் டம்ளரை மேசையில் சத்தமாக வைத்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு என் கோயில் ஆராதனை. பத்து மணிக்கு அவருடைய சபை. அவருக்கு முட்டி வலி, ஸ்கூட்டரை நான்தான் ஓட்ட வேண்டும். கொண்டுபோய் விட்டுவிட்டு வெயிலில் நிற்பானேன் என்று நானும் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். சேலையூரில் ஒரு மாடி ஹால், நாற்பது பேர் இருப்பார்கள். சம்பளம் வாங்கும் பாஸ்டர் கிடையாது. சனிக்கிழமை வரை ஏசி கழுவுகிற ஜெபகுமார் ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு கிளைத் தலைவராக முன்னால் உட்காருவார்.

அவர்களுடைய திருவிருந்து வேறு மாதிரி. எங்களைப்போல் பீடத்தின் முன்னால் போய் முழங்கால் போட மாட்டார்கள். ரொட்டித் துண்டுகளை ஒரு தட்டில் வைத்து ஜெபித்து வரிசை வரிசையாக அனுப்புவார்கள். ஒருவர் வலது கையால் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தட்டைப் பக்கத்திலிருப்பவருக்கு நீட்டுவார். அப்புறம் குட்டிக் கப்புகளில் தண்ணீர் வரும். திராட்சரசம்கூட இல்லையா என்று முதல் வாரமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு தட்டு வந்தது. லாசரஸ் எடுக்காமல் என் பக்கம் தள்ளினார். நான் வேறு சபைக்காரி, எப்போதுமே எடுப்பதில்லை, நானும் தள்ளிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. இதில் ஒளிவு மறைவு கிடையாது, வரிசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு மனிதன் அப்பத்தை விட்டுவிட்டால் ஏதோ பாவம் என்றுதானே ஊர் நினைக்கும்? வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டேன், யாராவது பொம்பளை விவகாரமா என்று. அவர் சிரிக்கவில்லை. துரையை நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு மறந்துதான் போயிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் லாசரஸ் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறையில் ஷிப்டு சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷின்கள் அங்கே. கை உள்ளே போகாமல் இருக்க முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அவசர லோடு ஒன்றுக்காக அதைக் கழற்றச் சொன்னது லாசரஸ். கழற்றிவிட்டு வேலை செய்தவர் துரை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

விசாரணை வந்தது. லாசரஸ் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்: தடுப்பைத் தொழிலாளியே கழற்றினார், அன்று அவர் குடித்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. துரைக்கு வேலை போனது, அதோடு குடிகாரன் என்ற பெயரும் வந்தது. லாசரஸ் வேலையில் நிலைத்தார், அந்தப் பட்டறையே பிறகு மூடப்படும் வரை. நான் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குப் புதுப் புடவை கட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இவ்வளவையும் அவர் ஜெபகுமாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மன்னிப்பது கர்த்தர், ஆனால் நீங்கள் கெடுத்ததில் உங்களால் சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள், அதுவரை அப்பம் வேண்டாம் என்று ஜெபகுமார் சொன்னாராம். எனக்கு வந்ததே கோபம். இயேசு சிலுவையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார், மிச்சத்தை முடிக்க ஏசி மெக்கானிக் எதற்கு என்று போனிலேயே கேட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதீர்கள் என்று லாசரஸிடமும் சொன்னேன். அவர் என்னோடு வாதாடவில்லை. துரையைத் தேடிப் போகவும் இல்லை. அவருக்குப் பயம்.

பதினோரு மாதம். தட்டு வரும், போகும். மனிதர் உருகிக்கொண்டே வந்தார். சட்டைக் காலரில் கழுத்து ஆடியது. சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று. ஒரு ஞாயிறு தட்டை என்னிடம் தரும்போது தட்டு சரிந்து இரண்டு துண்டு கீழே விழுந்தது. அன்று எனக்கு என் சபை, அவர் சபை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. இந்த ஆள் அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மிஞ்ச மாட்டார் என்று மட்டும் தெரிந்தது. போய்ச் சொல்லித் தொலைத்துவிட்டு வாருங்கள் என்று நானே அனுப்பினேன்.

துரை படப்பை மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டியில் வேலை செய்கிறார், வீடு படப்பையைத் தாண்டி ஒரு காலனியில் என்று தெரிந்தது. லாசரஸ் தனியாக பஸ் ஏறிப் போனார். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். பேச்சை எடுப்பதற்குள்ளேயே துரை எழுந்து, கிளம்பு சார் என்று வாசலைக் காட்டிவிட்டாராம். ஏன் என்றே புரியவில்லை என்றார்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். யார் இருந்தார்கள்? துரையும் அவர் மனைவி எல்லம்மாவும். என்ன கொடுத்தார்கள்?

"டீ கொண்டுவந்தாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன் வேண்டாம்னு சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலையே, ஞானம்."

தலையில் அடித்துக்கொண்டேன். படப்பையைத் தாண்டி அந்தக் காலனிக்குள் போய், அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண் நீட்டிய டீயைத் தொடாமல் வேண்டாம் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? எத்தனை பேர் அந்தத் தெருவில் அப்படி வேண்டாம் என்றிருப்பார்கள்? விரலை எடுத்தவர் வீடு தேடி வந்து டம்ளரையும் ஒதுக்கிவிட்டுப் போனார் என்றுதானே? இதற்கு நீங்கள் போகாமலே இருந்திருக்கலாம் என்றேன். அந்த யோசனையே அவருக்கு வரவில்லை, பாவம்.

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். துரை வாசலிலேயே நின்றார். ஒல்லியான மனிதர், வலது கையை லுங்கி மடிப்பில் வைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இன்னா சார், மறுபடியும் வந்துகினு கீற? எங்க தெருவுல தண்ணி குடிக்காதவங்கள நாங்க பாத்ததே இல்லையா?"

லாசரஸ் வாயைத் திறக்குமுன் நான் புகுந்துவிட்டேன். இந்த ஆள் என் கையால் போட்ட டீயையும் மூன்று வருடமாகக் குடிப்பதில்லை, இவருடைய சபையில் டீயே கூடாது, மகாராணி வீட்டில் கொடுத்தாலும் குடிக்க மாட்டார், எனக்கு வாய்த்தது அப்படி என்று கடகடவென்று சொன்னேன். உள்ளேயிருந்து எல்லம்மா சிரிப்பது கேட்டது. டீ கூடாதுன்னு ஒரு சாமியா என்று கேட்டுக்கொண்டே வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். எனக்கு டீ வந்தது. லாசரஸுக்கு ஒரு சொம்பில் தண்ணீர். அவர் அதைத் தூக்கிக் குடிக்காமல் வாய் வைத்து, நின்றபடி, முழுவதையும் குடித்தார். துரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு லாசரஸ் சொன்னார். தடுப்பைக் கழற்றச் சொன்னது நான், அன்று துரை குடிக்கவில்லை, குடித்ததாக எழுதியது பொய், எழுதியது நான். எல்லம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. எல்லம்மாவின் அப்பா குடித்தே செத்தவராம். கம்பெனிக் காகிதத்தில் குடித்திருந்தான் என்று வந்ததும் புருஷன் சத்தியம் பண்ணியதை அவர் நம்பவில்லை. ஒன்பது வருடமாக எந்தச் சண்டை வந்தாலும் குடிச்சிட்டுக் கைய வுட்டவன்தானே நீ என்றுதான் முடிப்பாராம். அதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

துரை அழவில்லை. "இன்னாத்துக்கு சார் இப்போ வந்து சொல்ற?" என்று கேட்டார்.

லாசரஸ் தரையைப் பார்த்துச் சொன்னார். "கெத்செமனேன்னு ஒரு தோட்டம். சாகறதுக்கு முந்தின ராத்திரி இயேசு அங்க இருந்தார். எங்க பாவத்தை மட்டும் இல்ல, ஒவ்வொருத்தரோட வலியையும் ஒண்ணொண்ணா அங்க அவர் பட்டார்னு நாங்க நம்பறோம். உன் ரெண்டு விரல் வலியும் அதுல இருக்கு, துரை. அவர் பட்ட வலிய நான் பொய்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

நான் சின்ன வயதிலிருந்து கேட்ட பிரசங்கம் எத்தனையோ. அதில் ஒன்றிலும் இதை இப்படி நான் கேட்டதில்லை.

துரை லாசரஸைப் பார்த்துக் கேட்டார். "அப்போ அவருக்குத் தெரியுமா, நான் குடிக்கலன்னு?"

"தெரியும்."

"ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்குது," என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உன் கோயிலில் உன்னைப் பெரிய மனுஷன் என்று நினைக்கிற ஆட்கள் இருப்பார்கள் இல்லையா, அவர்கள் முன்னால் சொல், நான் வந்து கேட்கிறேன் என்றார். லாசரஸ் சரி என்றார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அவர்கள் சபையில் உபவாசம். அன்று திருவிருந்து முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம்.

ஜெபகுமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனி நீங்கள் அப்பம் எடுக்கலாம் சகோதரரே என்றார். இவர் மாட்டேன் என்றார். துரை மன்னிக்கட்டும், அப்புறம் பார்க்கலாமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்தாயிற்று, வாங்குகிறவர்தான் கையை நீட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் ஞாயிறு அவர்கள் வந்தார்கள். துரை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எல்லம்மா பட்டுப் புடவை. வரிசை ஓரத்தில் துரை, அடுத்து லாசரஸ், அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் எல்லம்மா. லாசரஸ் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு காய்ந்திருந்தது.

பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, தட்டு வந்தது. முதலில் துரையிடம். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் இடது கையால் வாங்கிக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? நான் எடுக்கணுமா?"

விருப்பமிருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். தட்டு லாசரஸ் பக்கம் திரும்பியது. லாசரஸ் வழக்கம்போல் எடுக்காமல் அதை என் பக்கம் நகர்த்தப் போனார். துரை தட்டை விடவில்லை.

"சார் எடுக்கலியே?"

"பதினோரு மாசத்துக்கு மேல எடுக்கல," என்றேன் நான். வாய் சும்மா இருந்தால்தானே. "நீங்க மன்னிக்கற வரைக்கும் எடுக்க மாட்டாராம்."

முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். துரை தட்டை வலது கைக்கு மாற்றினார். மீதி இரண்டு விரலாலும் கட்டை விரலாலும் அதை இறுக்கிப் பிடித்து, லாசரஸின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"மன்னிச்சேன்னு நான் சொல்லமாட்டேன் சார். எனக்கு இன்னும் வரல. ஆனா எம் பேரச் சொல்லி நீ பட்டினி கெடக்காத. எடு."

லாசரஸ் அந்தக் கையைப் பார்த்தார். தட்டு லேசாக ஆடியது, துரைக்கு அதை அப்படி ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. லாசரஸ் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். மெல்ல முடியாமல் கண்ணிலிருந்து கொட்டியது. நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். தட்டு என்னிடம் வந்தபோது நான் என்ன செய்தேன் என்பது என் சபை ஆயருக்குத் தெரிய வேண்டாம்.

தண்ணீரும் வந்து போனது. ஜெபகுமார் முன்னால் வந்து, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். லாசரஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். மைக் முன்னால் நின்று, துரை இருக்கிற இடத்தைக் காட்டி, அவருடைய முழுப் பெயரையும் சொன்னார். அன்றைக்கு அவர் குடிக்கவில்லை என்றார்.

எல்லம்மா என் கையைப் பிடித்தார். "இன்னொரு தபா சொல்லச் சொல்லு டீச்சர்," என்றார்.

எழுந்து நின்று, கொஞ்சம் சத்தமாகவே நான் அதைக் கேட்டேன். லாசரஸ் இன்னொரு தடவை சொன்னார்.