தலைக்கு எட்டு மணி நேரம்

1

இந்தக் கதை ஆலங்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதையான சொல். எட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தடித்த தீர்ப்பு நகல் ஒன்றை வைத்திருந்தார். முழுவதும் எடுக்கவா என்று கடைக்காரப் பெண் கேட்டதற்கு, இரண்டு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கத்தில் பத்து ஆண்டு என்று இருந்தது. இன்னொன்றில் இரண்டு ஆண்டு. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விரல்நுனிகள் கறுத்திருந்தன. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இனி நானாகச் சொல்வது. அவருக்கு அமிர்தவல்லி என்று பெயர் வைக்கிறேன். கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. (பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பணத்தாசை யாரைத்தான் விட்டது, அமிர்தவல்லியும் அன்றைக்கு...'

அடித்துவிட்டேன். கொட்டை எண்ணெய் பட்டுத் தோலுரிந்த கையால் பதினோரு வருடம் சேர்த்தும், மகள் அன்புச்செல்வியை நர்சிங் சேர்க்க அந்தப் பணம் போதவில்லை. ஒரு நிதி நிறுவனத்தில் போட்டால் இரண்டே வருடத்தில் போதுமான அளவு ஆகிவிடும் என்று ஒருத்தி சொன்னாள். அமிர்தவல்லி நம்பினாள். அதற்கு ஆசை என்ற சொல் தொளதொளவென்று இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'நிதி நிறுவன முதலாளி வசந்தகுமார் வெள்ளைச் சட்டை தவிர வேறெதுவும்...'

இதையும் விட்டுவிட்டேன். அமிர்தவல்லி அவரை அந்த நிறுவனம் கொடுத்த காலண்டரில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அவள் பார்க்காததை நான் பார்ப்பது முறையாகாது.

ஆகவே அந்த ஒருத்தியிடமிருந்து தொடங்குகிறேன். பிரகதீஸ்வரி, இரண்டு வீடு தள்ளி இருந்தவள். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் அந்த நிறுவனத்துக்கு ஏஜென்ட் ஆனாள். நாற்பத்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டாள். தன் வளையல்களை விற்றுத் தானும் போட்டாள். அமிர்தவல்லிக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பதினைந்து நாள் உப்பில்லாச் சோறு ஆக்கிக் கொண்டுவந்து ஊட்டியவள். அப்படிப்பட்டவள் சொல்லும்போது எவருக்குச் சந்தேகம் வரும்?

ஒரு வெள்ளிக்கிழமை நிறுவனத்தைப் பூட்டிவிட்டார்கள். அதில் பணம் போட்டவர்கள் மொத்தம் பதினோராயிரம் பேர்.

3

வழக்கு மதுரையில் நடந்தது. அமிர்தவல்லியும் ஒரு சாட்சி. புதுக்கோட்டை ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அன்புச்செல்வி, லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனாள்.

பணத்தை யாரிடம் கொடுத்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார். பிரகதீஸ்வரியிடம் என்றாள். அவர் இங்கே இருக்கிறாரா என்றார். அமிர்தவல்லி குற்றவாளிக் கூண்டின் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். ஒரு நொடி பிரகதீஸ்வரி தன்னையறியாமல் சிரித்துவிட்டாள், தெருவில் கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பதுபோல.

பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். முதலாளியைக் காட்டி, இவரை நீங்கள் எப்போதாவது நேரில் பார்த்ததுண்டா என்றார்.

"இல்லீங்க. காலண்டர்ல பாத்துருக்கேன்."

"அதுல இருக்கறவர்தானா இவர்?"

அமிர்தவல்லி வெகுநேரம் பார்த்தாள். கூண்டில் நின்றவர் இளைத்து, மீசை எடுத்து, யாரோ ஒரு வீட்டுப் பெரியவர்போல இருந்தார்.

"தெரியலைங்க. அதுல வேற மாதிரி இருந்தாரு."

இரண்டு பதிலும் உண்மை. (இந்த இடத்தில் அவளை ஒரு சின்னப் பொய் சொல்லவைக்க மிகவும் ஆசைப்பட்டேன். ஆமாங்க, இவருதான் என்று. அவள் சொல்ல மறுத்துவிட்டாள்.)

4

முதலாளியைக் கணக்குப் புத்தகங்கள் காட்டிக்கொடுத்தன. அவருக்குப் பத்து ஆண்டு; பிரகதீஸ்வரிக்கு இரண்டு. தீர்ப்பு நாளில் வராந்தாவில் பெண் போலீஸ் ஒருவர் அவளது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அமிர்தவல்லி பக்கத்தில் போனாள். என்ன சொல்லப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பிரகதீஸ்வரிதான் பேசினாள்.

"நீ ஒண்ணும் பொய் சொல்லலையேக்கா. சொல்லிருந்தா ஒன்னைய ரெண்டு திட்டாச்சும் திட்டிருப்பேன்."

மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அன்புச்செல்வி போனில் கணக்குப் போட்டாள். முதலாளியின் பத்து ஆண்டைப் பதினோராயிரம் பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு எட்டு மணி நேரம். பிரகதீஸ்வரியின் இரண்டு ஆண்டை நாற்பத்து மூன்று பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்குப் பதினேழு நாள்.*

"நம்மள ஏமாத்துனதுக்கு அந்தாளுக்கு ஒரு ஷிப்ட்டும்மா," என்றாள். "பிரகதி அத்தைக்குப் பதினேழு நாளு."

அதற்குப் பிறகுதான் அமிர்தவல்லி ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

* தண்டனையை இப்படி வகுக்கக் கூடாது, குற்றம் சமூகத்துக்கு எதிரானது, தலைக்கு இவ்வளவு என்று கிடையாது என்று சட்டம் படித்த நண்பர் விளக்கினார். ஒப்புக்கொண்டேன். அமிர்தவல்லியிடம் இதை யார் விளக்குவது என்று கேட்டதற்கு, அவர் டீ சொன்னார்.

5

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறுவனம் பூட்டப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே வட்டி வருவது நின்றுபோயிருந்தது. அது பிரகதீஸ்வரிக்குத் தெரியும். தெரிந்தும் வசூல் செய்தாள். புதுப் பணம் கொண்டுவந்தால்தான் பழைய பாக்கி கிடைக்கும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அமிர்தவல்லி பணம் கொடுத்தது அந்த மூன்று மாதத்தில் இரண்டாவது மாதம்.

இந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் படித்தேன். பிரகதீஸ்வரி பாவப்பட்டவளாக நின்றாள், கதை அழகாகிவிட்டது. அதனாலேயே திரும்பச் சேர்த்தேன்.

அப்படியானால் பதினேழு நாள் நியாயம்தானா? ஒருவேளை குறைவோ? எனக்கு...

6

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அமிர்தவல்லி கொஞ்சம் கண்ணயர்வாள். வறுத்த கொட்டையின் புகை கூரையிலேயே நிற்கும். அந்த நேரத்தில் முதலாளி அவள் வீட்டுக்கு வருவார். தன் எட்டு மணி நேரத்தைக் கழிக்க வந்திருப்பதாகச் சொல்வார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் காலண்டர் தாளின் வெள்ளை. அவரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. நாற்காலி போடுவாள், காப்பி கொடுப்பாள். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். திட்ட வேண்டும் என்று நினைப்பாள். முகமில்லாத ஆளை எங்கே பார்த்துத் திட்டுவது? பொழுது மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பதுபோல நகரும். சாயங்காலம் அவர் கும்பிட்டுவிட்டுப் போவார்.

பிரகதீஸ்வரியும் வருவாள். அவள் பதினேழு நாளும் அங்கேயே இருப்பாள். வாசல் தெளிப்பாள், மிளகாய் காயவைப்பாள், அமிர்தவல்லியின் ரவிக்கையில் விட்டுப்போன கொக்கியைத் தைப்பாள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கனவில் அந்த வீட்டுக்கு ஜன்னல்கள் அதிகம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வெயில்.

இருநூற்றுப் பத்து நாள் உள்ளே இருந்துவிட்டு, மேல்முறையீடு செய்து முதலாளி ஜாமீனில் வெளியே வந்தார். அன்புச்செல்வி மறுபடி கணக்குப் போட்டாள். தலைக்கு இருபத்தேழு நிமிடம். அதற்குப் பிறகு கனவில் அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

பிரகதீஸ்வரிக்கு மேல்முறையீடு செய்ய ஆளில்லை. திருச்சி மகளிர் சிறையிலேயே முழுவதையும் கழித்தாள். அமிர்தவல்லி ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பிரகதீஸ்வரி காலில் விழுகிறாள். பொருந்தவில்லை, அவள் விழுகிற ஆள் இல்லை. இன்னொன்றில் மேல்முறையீடு தள்ளுபடியாகி முதலாளி மறுபடி உள்ளே போகிறார், பணமும் வருகிறது. நடக்கட்டும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் இருப்பதை அது தொடக்கூட இல்லை.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மகளைப் பார்த்துவிட்டு அமிர்தவல்லி புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு துணிப்பையோடு பிரகதீஸ்வரி ஏறினாள். முன்தலை நரைத்திருந்தது. வேறு இடமும் காலியாக இருந்தது. அவள் நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் பிரகதீஸ்வரி முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்த மாசம் ஒங்கிட்ட வாங்கக் கூடாதுன்னுதான் வந்தேங்க்கா. நீயா எடுத்துக் குடுத்த. வேணாம்னு ஒரு வார்த்தை எனக்கு வாயில வரல."

அமிர்தவல்லி தன் கறுத்த விரல்களைப் பார்த்தாள். வெளியே தென்னந்தோப்புகள் வரத் தொடங்கின. இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது, நீதிமன்றத்தைப் பொறுத்தவரை இவளிடம் மிச்சம் எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. நர்சிங் காலேஜ் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய மகளின் முகமும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளவில்லை.

கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்றாலும் சீட்டுக் கிழிக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வாரீங்களா, தனித்தனியா?"

பிரகதீஸ்வரி கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்டக்டர் அமிர்தவல்லியைப் பார்க்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாது, தாயே. படிக்கிறவர்களே, ஆலங்குடிக்கு இன்னும் நேரமிருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், ஒன்றா, இரண்டா?